சனிக்கிழமை ஒரு பந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பந்து: ஜோடி கோல்ஃப் ஆடுவதும் ஸ்கோர் எழுதுவதும்

கேள்வி இது: "அடுத்த மாதம் எங்கள் கிளப்பில் இரண்டு நாள் ஜோடிப் போட்டி. சனிக்கிழமை ஃபோர்சம்ஸ், ஸ்ட்ரோக் பிளே. ஞாயிற்றுக்கிழமை ஃபோர்பால், ஸ்டேபிள்ஃபோர்டு. நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஆடுகிறோம். கோர்ஸ் ஹேண்டிகேப் அவருக்கு 8, எனக்கு 21. இதுவரை தனியாகத்தான் ஆடியிருக்கிறோம். எப்படி ஆடுவது, எப்படி ஸ்கோர் எழுதுவது? யார் முதலில் டீ அடிப்பது?"

சனிக்கிழமை ஆட்டம் கடினம், கணக்கு சுலபம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சுலபம், கணக்கில்தான் கோட்டை விடுவார்கள். எங்கள் கிளப்பின் போட்டிக் குழுவில் பல வருடம் இருந்து கார்டுகளை வாங்கிச் சரிபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபோர்சம்ஸ் நாளில் வந்த பிரச்சினைகள் எல்லாம் மைதானத்தில் ஆரம்பித்தவை: அடுத்து யார் அடிக்க வேண்டும், எங்கிருந்து அடிக்க வேண்டும். ஃபோர்பால் நாளில் வந்தவை எல்லாம் கார்டில்: எந்த எண் யாருடையது, எந்த எண் கணக்கில் வரும். அதனால் இரண்டு நாளுக்கும் இரண்டு விதமாகத் தயாராக வேண்டும்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். டீ என்பது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம். ஹேண்டிகேப் என்பது திறமைக்கேற்ப ஸ்கோரில் கழிக்கும் சலுகை அடிகள். ஸ்ட்ரோக் பிளேயில் மொத்த அடிகளை எண்ணுவார்கள், ஸ்டேபிள்ஃபோர்டில் ஹோலுக்கு ஹோல் புள்ளி. ஃபோர்சம்ஸ் என்றால் ஓர் அணிக்கு ஒரே பந்து. இரண்டு பேரும் மாறி மாறி அடிப்பது. ஃபோர்பால் என்றால் ஆளுக்கொரு பந்து. ஒவ்வொரு ஹோலிலும் இருவரில் நல்ல ஸ்கோர் அணியின் ஸ்கோர். அமெரிக்கர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆடப் போவதையே ஃபோர்சம் என்பார்கள். ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஆட்டத்துக்கு அவர்கள் பேச்சில் ஆல்டர்நேட் ஷாட் என்று பெயர். ஆகவே யாராவது "நாளைக்கு ஃபோர்சம்" என்று சொன்னால் எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விதிப் புத்தகத்தில் ஃபோர்சம்ஸுக்கு 22-வது விதி, ஃபோர்பாலுக்கு 23-வது விதி. இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான். போட்டிக்கு முந்தின நாள் இருவரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பலரும் ஃபோர்சம்ஸை ஏதோ வேடிக்கை ஆட்டம் என்று நினைக்கிறார்கள். அது கோல்ஃபின் பழைய வடிவங்களில் ஒன்று. ஓபன் சாம்பியன்ஷிப் தொடங்கியது 1860-ல். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1857-ல், செயின்ட் ஆண்ட்ரூஸில் கிளப்புகளுக்கு இடையே நடந்த பெரிய போட்டி ஃபோர்சம்ஸ் முறையில்தான் நடந்தது. 1927-ல் ரைடர் கோப்பை (இப்போது அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் அணிப் போட்டி) ஆரம்பித்தபோது ஃபோர்சம்ஸும் ஒற்றையர் ஆட்டமும் மட்டுமே இருந்தன. ஃபோர்பால் 1963-ல்தான் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் முயர்ஃபீல்டில் இன்றும் உறுப்பினர்கள் விரும்பி ஆடுவது ஃபோர்சம்ஸ். காலையில் ஒரு ரவுண்டு, நல்ல சாப்பாடு, மதியம் இன்னொரு ரவுண்டு என்று ஒரே நாளில் 36 ஹோல் ஆட முடிகிறதென்றால் அதற்கு இந்த முறைதான் காரணம். நான்கு பேருக்கு இரண்டே பந்து. டீ அடிக்காதவர் முன்கூட்டியே நடந்து பந்து விழும் இடத்துக்குப் போய்விடலாம். மூன்று மணி நேரத்துக்குள் ஒரு ரவுண்டு முடியும்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களில் டீ அடிக்கிறார், மற்றவர் இரட்டைப்படை ஹோல்களில். டீ அடித்த பிறகு பந்து குழிக்குள் விழும்வரை மாறி மாறி. முந்தின ஹோலில் கடைசி பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) யார் போட்டார் என்பதற்கும் அடுத்த டீக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாக ஆடுபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். "நான்தானே இப்போது பட் போட்டேன், டீ உன்னுடையது" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி யோசிக்கவே வேண்டாம். ஹோல் எண்ணைப் பாருங்கள், அவ்வளவுதான். எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோல்களில் தொடங்கும் ஷாட்கன் முறையில் ஏதோ ஒரு நடு ஹோலில் தொடங்கினாலும் இது மாறாது. 18-க்கு அப்புறம் 1 வருவதால் இரட்டைக்குப் பின் ஒற்றை என்ற வரிசை அப்படியே தொடரும். 9 ஹோல் மைதானத்தை இரண்டு முறை சுற்றினால் மட்டும் கவனம் வேண்டும். அங்கே 10-வது ஹோல் என்பது மறுபடி முதல் டீ. முதல் சுற்றில் அந்த டீயில் அடித்தவர் இரண்டாம் சுற்றில் அங்கே அடிக்கக் கூடாது, மற்றவர்தான் அடிக்க வேண்டும்.

பெனால்டி அடிகள் வரிசையை மாற்றாது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்காதீர்கள். மைதானத்தில் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இதிலேயே தீர்ந்துவிடும். உங்கள் மைத்துனர் டீயிலிருந்து அடித்த பந்து தண்ணீருக்குள் போகிறது. ஓர் அடி பெனால்டி. அடுத்து பந்தைப் போட்டு அடிக்க வேண்டியவர் நீங்கள். அவர் அடித்தது ஓபி, அதாவது மைதான எல்லைக்கு வெளியே, போய்விட்டது என்றால், நீங்கள் அதே டீயிலிருந்து மூன்றாவது அடியை அடிக்கிறீர்கள். பந்தைக் கீழே போடுவது, மார்க் செய்து எடுப்பது, திரும்ப வைப்பது எல்லாம் இருவரில் யாரும் செய்யலாம்; அடிப்பதற்கு மட்டும்தான் முறை. அதேபோல, ஒருவர் அடிக்கும் நோக்கத்தோடு கிளப்பை வீசிப் பந்தைத் தொடாமல் விட்டால் அதுவும் ஓர் அடிதான், அடுத்தது மற்றவருடையது. வீசத் தொடங்கும் முன்பே பந்து தற்செயலாக டீயிலிருந்து விழுந்தால் அது அடியே இல்லை. திரும்ப வைத்து அவரே அடிக்கலாம்.

புரவிஷனல் பந்து, அதாவது முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று முன்கூட்டியே அடித்து வைக்கும் பந்து, கொஞ்சம் சிக்கல். மைத்துனர் அடித்த பந்து காட்டுக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம். புரவிஷனல் அடிக்க வேண்டியது நீங்கள், அவர் இல்லை. ஏனென்றால் அடுத்த அடி உங்களுடையது. இப்போது நடந்து போகிறீர்கள். முதல் பந்து நல்ல இடத்தில் கிடைத்துவிட்டது. அதை யார் அடிப்பது? நீங்கள்தான். புரவிஷனல் கைவிடப்பட்டதால் அதில் அடித்த அடி கணக்கில் இல்லை. அணி அடித்தது ஓர் அடி மட்டுமே, அதை அடித்தவர் அவர். மாறாக முதல் பந்து கிடைக்கவே இல்லை என்றால், புரவிஷனலே ஆட்டப் பந்து. அதை மூன்றாவது அடியாக நீங்கள் அடித்திருக்கிறீர்கள். நான்காவது அடி அவருடையது. இதை வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். மைதானத்தில் பதற்றத்தில் யோசிப்பதை விட அது நல்லது.

வரிசை தவறினால் என்ன ஆகும்? மேட்ச் பிளேயில், அதாவது ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டத்தில், அந்த ஹோல் போய்விடும். ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி பெனால்டி, அதோடு தவறு நடந்த இடத்துக்கே திரும்பிப் போய்ச் சரியான ஆள் அடிக்க வேண்டும். அப்படித் திருத்தாமல் அடுத்த ஹோலில் டீ அடித்துவிட்டால் அணியே தகுதி நீக்கம். எனக்கு இது ஒருமுறை நடந்தது. 13-வது டீயில் முன்னால் இரண்டு குழுக்கள் காத்திருந்தன. கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் முறை வந்ததும் நான் எழுந்து அடித்துவிட்டேன். அன்று இரட்டைப்படை என்னுடையது, அது ஒற்றைப்படை ஹோல். பந்தருகே போன பிறகுதான் பார்ட்னருக்கு உறைத்தது. இருநூறு கஜம் திரும்பி நடந்தோம். நான் அடித்த அடி கணக்கில் இல்லை. இரண்டு பெனால்டியோடு அவர் டீயிலிருந்து அடித்தது மூன்றாவது அடி. பின்னால் வந்த குழுவை ஒதுங்கி நிற்கச் சொல்லி அவர் டீ வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து என் டீ ஹோல்களை மட்டும் கார்டில் வட்டமிட்டு வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: யார் எந்த டீ?

பலரும் நீளமாக அடிப்பவர் எந்த ஹோலில் டீ அடிக்கலாம் என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது, கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) நோக்கி அடிக்கும் அடி யாருக்கு வருகிறது என்பதை. பார் என்பது ஒரு ஹோலை முடிக்க எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை. ஆட்டம் ஒழுங்காகப் போனால் பார் 3-ல் டீ அடிப்பவரே கிரீனுக்கு அடிக்கிறார். பார் 4-ல் ஒருவர் டீ, மற்றவர் கிரீனுக்கு. பார் 5-ல் ஒருவர் டீ, மற்றவர் நடு அடி, மறுபடி டீ அடித்தவரே கிரீனுக்கு. அதாவது பார் 3-லும் பார் 5-லும் டீ அடிப்பவர் கையில்தான் அந்த முக்கியமான அடி இருக்கிறது. பார் 4-ல் மட்டும் அது மற்றவருக்குப் போகிறது. ஆகவே கார்டை எடுத்து, பார் 3-களும் பார் 5-களும் ஒற்றைப்படையில் எத்தனை, இரட்டைப்படையில் எத்தனை என்று எண்ணுங்கள். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தை அயர்ன் நன்றாக அடிப்பவருக்குக் கொடுங்கள்.

தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்த மைதானத்தை வைத்தே காட்டுகிறேன். அகஸ்டா நேஷனலில் பார் 3-கள் 4, 6, 12, 16. நான்குமே இரட்டைப்படை. பார் 5-கள் 2, 8, 13, 15. இரண்டு இரட்டை, இரண்டு ஒற்றை. ஆக எட்டில் ஆறு இரட்டைப்படையில். அங்கே நீங்கள் இருவரும் ஃபோர்சம்ஸ் ஆடினால், 8 ஹேண்டிகேப் உள்ள மைத்துனர் இரட்டைப்படையை எடுத்தால் அந்த ஆறு ஹோல்களிலும் கிரீனுக்கு அடிப்பது அவராகிறது. ஒற்றைப்படையில் வரும் பார் 4-களில் நீங்கள் டிரைவ் அடிக்க, மறுபடி அவரே கிரீனுக்கு. நீங்கள் கிரீனுக்கு அடிக்க வேண்டியிருப்பது இரட்டைப்படை பார் 4-களும் 13, 15-ம் மட்டுமே. ஒரு முடிவு இவ்வளவு மாற்றத்தைச் செய்கிறது. உங்கள் மைதானத்தில் கணக்கு சரிபாதியாக வந்தால், தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய ஹோல்களைப் பாருங்கள். அவை யாருக்கு வருகின்றன என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஆட்டத்தின்போது உங்கள் வேலை மைத்துனருக்குப் பிடித்த தூரத்தில் பந்தை வைப்பது. தனியாக ஆடும்போது கிரீனுக்கு 40 கஜம் வரை கொண்டுபோய்விட்டால் மகிழ்ச்சி. இங்கே அவருக்கு 40 கஜ அடி பிடிக்காது, 90 கஜத்திலிருந்து முழுதாக வெட்ஜ் வீசத்தான் பிடிக்கும் என்றால், 90 கஜத்தில் நிறுத்துங்கள். நீளமான பட்டில் அவருக்கு ஒரு மீட்டர் மிச்சம் வைப்பதும், பள்ளத்தில் சாய்வாக ஒரு மீட்டர் மிச்சம் வைப்பதும் வேறு வேறு. இதெல்லாம் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை.

பந்தையும் முன்பே பேசுங்கள். ஒருவர் மென்மையான பந்து, மற்றவர் கடினமான பந்து ஆடிப் பழகியவர்கள் என்றால் சிப்பிலும் பட்டிலும் தூரம் தவறும். 2004 ரைடர் கோப்பையில், ஓக்லண்ட் ஹில்ஸில், அமெரிக்க கேப்டன் ஹால் சட்டன் டைகர் வுட்ஸையும் ஃபில் மிக்கல்சனையும் ஒரே அணியாக இறக்கினார். அன்றைக்கு உலகின் பெரிய பெயர்கள் இரண்டும் ஒன்றாக. வுட்ஸ் ஆடும் பந்துக்குப் பழக மிக்கல்சன் தனியாக நேரம் செலவழிக்க வேண்டியிருந்தது. காலையில் ஃபோர்பாலில் தோற்றார்கள். மதியம் ஃபோர்சம்ஸில் கடைசி ஹோலில் மிக்கல்சனின் டிரைவ் இடப்பக்கம் வேலியோரம் போய்விட, அங்கிருந்து அடிக்க வேண்டியவர் வுட்ஸ். அதையும் தோற்றார்கள். உங்கள் போட்டியில் ஒரே மாடல் பந்து கட்டாயம் என்ற உள்ளூர் விதி இருக்க வாய்ப்பு குறைவு. அது இல்லையென்றால் ஹோலுக்கு ஹோல் பந்தின் வகையை மாற்றலாம். நான் செய்வது: அந்த ஹோலில் கிரீனுக்கு அடிக்கப் போகிறவரின் பந்து.

மனசு விஷயமும் உண்டு. 2023-ல் ரோமில், அப்போதைய உலக முதல்நிலை வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரும் ஐந்து மேஜர் பட்டங்கள் வென்ற புரூக்ஸ் கெப்காவும் ஃபோர்சம்ஸில் விக்டர் ஹோவ்லண்ட், லுட்விக் ஓபெர்க் ஜோடியிடம் 9 அண்ட் 7 (7 ஹோல் மீதமிருக்க 9 ஹோல் வித்தியாசம்) என்று தோற்றார்கள். அதாவது 11 ஹோல்களிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. ஷெஃப்லர் கண் கலங்கியதைக் கேமராக்கள் காட்டின. தனியாக ஆடும்போது தப்பான அடிக்குப் பிறகு அதைச் சரிசெய்ய உடனே உங்களுக்கே ஒரு வாய்ப்பு. ஃபோர்சம்ஸில் அந்த வாய்ப்பு அடுத்தவருக்குப் போகிறது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். சில நேரம் நான்கு ஹோல் போயும் ஒரு முழு அயர்ன் அடி உங்களுக்கு வராது. அதனால் ஒரு விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஒருவர் ஒரு தடவை கேட்டால், அடுத்த முறை மற்றவரும் கேட்க வேண்டியதாகிறது. பத்து ஹோலுக்குள் இருவரும் பயந்து அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். செவ் பாலஸ்டெரோஸும் ஹோசே மரியா ஒலாசபாலும் ரைடர் கோப்பையில் சேர்ந்து ஆடிய 15 ஆட்டங்களில் 11 வென்று, 2 சமன் செய்து, 2 மட்டுமே தோற்றார்கள். பாலஸ்டெரோஸ் டீயிலிருந்து அடிப்பது எங்கே போகும் என்று அவருக்கே தெரியாத நாட்கள் உண்டு. இருந்தும் அந்த ஜோடி நின்றது.

சனிக்கிழமையின் ஸ்கோர்: கார்டில் ஒரு ஹோலுக்கு ஒரே எண். இருவரும் சேர்ந்து அடித்த மொத்த அடிகள், பெனால்டியோடு. ஹேண்டிகேப், இருவருடையதையும் கூட்டி அதில் 50 சதவீதம். உங்களுக்கு 8-ம் 21-ம் சேர்த்து 29, பாதி 14.5, அரை வந்தால் மேலே எடுப்பது வழக்கம் என்பதால் 15. மொத்தம் 88 அடித்தால், ஹேண்டிகேப் கழித்த நெட் ஸ்கோர் 73. இதற்கு மேல் கணக்கே இல்லை. ஒரே எச்சரிக்கை: இது ஸ்ட்ரோக் பிளே என்பதால் ஒவ்வொரு ஹோலிலும் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். ஒரு ஜாண் பட்டை "போதும், எடுத்துக்கோ" என்று யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

இனி ஞாயிற்றுக்கிழமை.

ஃபோர்பால் எவ்வளவு தாராளமானது என்பதற்கு ஒரு சான்று. நியூ ஆர்லியன்ஸின் சூரிக் கிளாசிக் 2017 முதல் ஜோடிப் போட்டியாக நடக்கிறது. 2022-ல் வென்ற பேட்ரிக் கேன்ட்லே, சாண்டர் ஷாஃப்லே ஜோடி பார் 72 மைதானத்தில் நான்கு நாட்கள் அடித்தது 59, 68, 60, 72. 59-ம் 60-ம் ஃபோர்பால் நாட்கள். 68-ம் 72-ம் ஃபோர்சம்ஸ் நாட்கள். அதே இரண்டு பேர், அதே மைதானம். ஃபோர்பாலில் ஒருவர் தடுமாறினால் மற்றவர் இருக்கிறார். ஒருவர் வருவதற்குத் தாமதமானால் கூட மற்றவர் தனியாகத் தொடங்கலாம். தாமதமாக வந்தவர் நடு ஹோலில் நுழையக் கூடாது, பார்ட்னர் அடுத்த ஹோலைத் தொடங்கும் முன் சேர்ந்துகொள்ளலாம். ஃபோர்சம்ஸில் அதற்கு இடமில்லை.

ஹேண்டிகேப் இங்கே கூட்டுவதில்லை. ஆளுக்குத் தனித்தனியாக 85 சதவீதம். மைத்துனரின் 8-ல் 85 சதவீதம் 6.8, அதாவது 7. உங்கள் 21-ல் 17.85, அதாவது 18. ஆகவே உங்களுக்கு ஒவ்வொரு ஹோலிலும் ஓர் அடி சலுகை; அவருக்கு ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (கார்டில் ஹோல்களின் கடின வரிசை எண்) 1 முதல் 7 வரை உள்ள ஏழு ஹோல்களில் மட்டும். இந்தச் சதவீதங்கள் 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையின் பரிந்துரைகள். உங்கள் கிளப் வேறு சதவீதம் வைத்திருந்தால் அறிவிப்பில் இருக்கும், அதுதான் செல்லும்.

ஸ்டேபிள்ஃபோர்டு கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நெட் போகிக்கு (பாரை விட ஓர் அடி அதிகம்) 1, நெட் பாருக்கு 2, பேர்டிக்கு (ஓர் அடி குறைவு) 3, ஈகிளுக்கு (இரண்டு அடி குறைவு) 4, இரட்டை போகியும் அதற்கு மேலும் பூஜ்யம். 1932-ல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு கெட்ட ஹோல் முழு நாளையும் கெடுக்கக் கூடாது என்பதுதான் இதன் பயன்.

இப்போது நான்கு ஹோல்கள் ஆடிப் பார்ப்போம். முதல் ஹோல், பார் 4, இண்டெக்ஸ் 11. மைத்துனர் 4, அவருக்குச் சலுகை இல்லை, 2 புள்ளி. நீங்கள் 5, ஓர் அடி கழித்து 4, உங்களுக்கும் 2. அணிக்கு 2. இரண்டாவது, பார் 5, இண்டெக்ஸ் 3, இருவருக்கும் சலுகை உண்டு. அவர் 6, நெட் 5, 2 புள்ளி. நீங்கள் 7, நெட் 6, 1 புள்ளி. அணிக்கு 2. மூன்றாவது, பார் 3, இண்டெக்ஸ் 15. இருவரும் 3. பலர் இங்கே "இருவருக்கும் பார்" என்று சொல்லி மைத்துனரின் 3-ஐ மட்டும் எழுதிவிட்டு நடப்பார்கள். அவருடைய 3-க்கு 2 புள்ளி. உங்கள் 3, சலுகை போக 2. அது நெட் பேர்டி, 3 புள்ளி. உங்கள் பெயருக்கு நேரே எழுதாவிட்டால் ஒரு புள்ளி காற்றில் போய்விடும். நான்காவது, பார் 4, இண்டெக்ஸ் 7. நீங்கள் ஓபி அடித்துப் பந்தை எடுத்துவிட்டீர்கள். மைத்துனர் 5, அவருக்கு இங்கே கடைசிச் சலுகை அடி, நெட் 4, 2 புள்ளி. நான்கு ஹோலுக்கு மொத்தம் 9.

மூன்றாவது ஹோலில் நடந்தது போன்ற தவறைத்தான் நான் கார்டுகளில் மிக அதிகமாகப் பார்த்தேன். கார்டில் எழுத வேண்டியது நெட் இல்லை, புள்ளியும் இல்லை. உண்மையில் அடித்த அடிகள், அடித்தவரின் பெயருக்கு நேரே. கழிப்பதும் எது நல்லது என்று பார்ப்பதும் போட்டிக் குழுவின் வேலை. நீங்கள் புள்ளியும் எழுதினால் உதவி, அவ்வளவுதான். ஒரு ஹோலில் இருவரில் ஒருவரின் ஸ்கோர் இருந்தால் போதும். ஆனால் அது யாருடையது என்று தெளிவாக இருக்க வேண்டும். கணக்கில் வரும் ஸ்கோர் தவறான ஆளின் பெயரில் இருந்தால் அணி தகுதி நீக்கம். கணக்கில் வரும் ஸ்கோரை உண்மையில் அடித்ததை விடக் குறைத்து எழுதினாலும் அதே கதிதான். கணக்கில் வராத ஸ்கோரில் பிழை இருந்தால் ஒன்றும் ஆகாது. கையெழுத்து இருவரில் ஒருவர் போட்டாலும் போதும். இருந்தாலும் இருவருமே படித்துப் பாருங்கள்.

ஆடும் விதத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். இண்டெக்ஸ் 8 முதல் 18 வரை உள்ள பதினொரு ஹோல்களில் உங்களுக்கு அடி உண்டு, மைத்துனருக்கு இல்லை. அங்கே உங்கள் போகியும் அவருடைய பாரும் சமம். 21 ஹேண்டிகேப்காரர்கள் பலர், "அவர் பார்த்துக்கொள்வார்" என்று பின்னால் நிற்கிறார்கள். ஜோடிப் பரிசு பெரும்பாலும் அந்தப் பதினொரு ஹோல்களில் பலவீனமானவர் எடுக்கும் நெட் பேர்டிகளில்தான் இருக்கிறது. உங்கள் வேலை அங்கே பாதுகாப்பாக கிரீன் அருகே போவது. இண்டெக்ஸ் 1 முதல் 7 வரை உள்ளவற்றில் அவர் முன்னிற்கட்டும்.

அணிக்குள் யார் முதலில் அடிப்பது என்பதை அணியே தீர்மானிக்கலாம். கிரீனில் அவர் பேர்டி பட்டுக்கு நீளமாக நிற்கிறார், நீங்கள் அதே கோட்டில் நான்கு அடி தூரத்தில் பாருக்கு நிற்கிறீர்கள் என்றால், நீங்கள் முதலில் போடலாம். பந்து எப்படித் திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள் பார் உறுதியானதும் அவர் பயமில்லாமல் அடிக்கலாம். ஆனால் அவர் அடிக்கும் நேரத்தில் அவருக்குப் பின்னால், பந்தின் கோட்டின் நீட்சியில் நீங்கள் நிற்கக் கூடாது. அது இரண்டு முறையிலும் தடை. ஆலோசனை சொல்லலாம், கோடு காட்டலாம், பிறகு விலகிவிட வேண்டும். கிளப்களைப் பகிர்ந்துகொள்ள நினைத்தால் இருவருக்கும் சேர்த்து 14-க்குள் இருக்க வேண்டும். அப்புறம், உங்கள் ஸ்கோர் இனி கணக்கில் வராது என்று தெரிந்தால் பந்தை எடுத்துவிடுங்கள். இங்கே அது அனுமதி மட்டுமில்லை, பின்னால் வருபவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பிற்பாடு மேட்ச் பிளே ஆட நேர்ந்தால் கணக்கு மாறும். எதிரணியின் கோர்ஸ் ஹேண்டிகேப் 14-ம் 9-ம் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்சம்ஸில் அவர்கள் கூட்டு 23, உங்களுடையது 29. வித்தியாசம் 6, அதில் பாதி 3. இண்டெக்ஸ் 1, 2, 3 ஹோல்களில் உங்கள் அணிக்கு ஓர் அடி. ஃபோர்பாலில் 90 சதவீதம்: மைத்துனர் 7, நீங்கள் 19, அவர்கள் 13-ம் 8-ம். மிகக் குறைந்தவரான மைத்துனர் பூஜ்யத்தில் ஆட, உங்களுக்கு 12, அவர்களுக்கு 6-ம் 1-ம். பட் விட்டுக்கொடுப்பதும் மேட்ச் பிளேயில் மட்டுமே உண்டு. எதிரணியில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்வரை பந்தைத் தொடாதீர்கள். 2015-ல், பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பையில், ஜெர்மனியின் சங்க்ட் லியோன்-ரோட்டில், ஃபோர்பால் ஆட்டத்தின் 17-வது ஹோலில் அமெரிக்காவின் ஆலிசன் லீ ஒன்றரை அடி தூரப் பட்டை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பந்தை எடுத்தார். யாரும் கொடுக்கவில்லை. ஹோல் போனது, ஆட்டமும் போனது. விட்டுக்கொடுத்த பிறகும் ஒரு பொறி உண்டு: பார்ட்னருக்குக் கோடு காட்டுவதற்காக அந்தப் பட்டைப் போட்டால், பார்ட்னரின் ஸ்கோர் அந்த ஹோலில் செல்லாது.

வேறு ஜோடி முறைகளும் இருக்கின்றன. கிரீன்சம்ஸில் இருவரும் டீ அடித்து, நல்ல பந்தைத் தேர்ந்து, அதிலிருந்து மாறி மாறி. ஹேண்டிகேப் குறைந்தவரின் 60 சதவீதமும் மற்றவரின் 40 சதவீதமும், உங்களுக்கு 13. இருவர் ஸ்கிராம்பிளில் ஒவ்வொரு அடியையும் இருவரும் அடித்து நல்லதைத் தேர்வது; 35-ம் 15-ம், உங்களுக்கு 6. ஃபோர்சம்ஸ் பயமாக இருந்தால் அதற்கு முந்தின வாரம் ஒரு கிரீன்சம்ஸ் ஆடிப் பாருங்கள். மாறி மாறி அடிப்பதும் பழகும், டீ பயமும் இருக்காது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. சனிக்கிழமை நெட் அடிகள், ஞாயிற்றுக்கிழமை புள்ளிகள். இரண்டையும் சேர்த்து ஒரு மொத்தப் பரிசு இருந்தால் எப்படிக் கூட்டுவார்கள்? ஒவ்வொரு ஹோலிலும் நெட் பார் என்றால் 36 புள்ளி. பார் 72-ல் நெட் 73 என்பது 35 புள்ளிக்கு அருகில் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒரு ஹோலில் 11 அடித்திருந்தால் ஸ்டேபிள்ஃபோர்டு அதை வெறும் பூஜ்யத்தோடு விட்டுவிடும். சனிக்கிழமைக் கார்டு விடாது. அதனால் இந்த மாற்றம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இதையும், ஸ்கோர் சமமானால் கடைசி 9, 6, 3, 1 ஹோல்களைப் பார்ப்பார்களா என்பதையும் போட்டிக் குழு முன்பே எழுத்தில் தர வேண்டும். சனிக்கிழமை முதல் டீக்குப் போகுமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அப்போதே கேளுங்கள். கார்டு கொடுத்த பிறகு கேட்டால் யார் சொல்வதும் யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும்.